ஊராரின் கூடம், வழிப்போக்கரின் கடை

இங்கிலாந்தின் கிராமத்துப் பப், பெயரிலேயே ஒரு வீடு. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற இரண்டு சொற்கள் சுருங்கித்தான் 'பப்' ஆனது; ஊருக்குப் பொதுவாகக் கதவைத் திறந்துவைத்த வீடு என்று பொருள். தேவாலயத்துக்கு எதிரிலோ ஊர்நடுப் புல்வெளியின் ஓரத்திலோ நிற்கும் பழைய கல் கட்டடம், உயரமானவர்களின் தலையைப் பதம் பார்க்கும் கருத்த மர உத்திரங்கள், குளிர்காலத்தில் கட்டை எரியும் கணப்பு, வாசலில் சிங்கமோ மானோ தீட்டிய தொங்கு பலகை. சுற்றுலாக் கையேடுகள் காட்டும் இந்தப் படம் பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் படத்தை நம்பி உள்ளே போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஒருவருக்கு அது பயணத்திலேயே இனிமையான மாலை. இன்னொருவருக்கு, அதே வாரம் அதே பப்பில், புளித்த பீர், ஆறிப்போன சாப்பாடு, முகம் கொடுத்துப் பேசாத ஆட்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இந்த முரணுக்கு வேர் பழைய காலத்தில் இருக்கிறது. வீடாகத் தொடங்கிப் பிறகு கடையானது பப். வீட்டின் பழக்கங்கள் அதைவிட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது சமையலைப் போலப் பெண்களின் வீட்டு வேலை. பார்லியில் காய்ச்சிய அந்தப் பானம் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் குடும்பத்துக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விற்றார்கள். வாசலில் நீட்டிய கம்பும் அதன் நுனியில் கட்டிய தழையும், இந்த வீட்டில் புது ஏல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். 1393இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர், லண்டனில் ஏல் விற்பவர்கள் அடையாளப் பலகை மாட்டியே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். அவருடைய சின்னமான வெள்ளை மான் இன்றும் எத்தனையோ பப்களின் பலகையில் படுத்திருக்கிறது. 'ராயல் ஓக்' என்ற பெயர், 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஓர் ஓக் மரத்தில் ஏறி ஒளிந்து தப்பியதை நினைவூட்டுவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வரைந்த படங்கள் இன்று படித்தவர்களின் கேமராவுக்குத் தீனி.

ஏல் விற்பவர் நீதிபதிகளிடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1552இல் வந்தது. கிராமத்துப் பப்பின் இன்றைய முகத்தை வடித்ததில் பெரும்பங்கு 1830ஆம் ஆண்டின் பீர்க்கடைச் சட்டத்துக்கு உண்டு. ஊரில் வரி செலுத்தும் எவரும் ஆண்டுக்கு இரண்டு கினி கட்டினால், நீதிபதியின் தயவு இல்லாமலே தம் வீட்டில் பீர் விற்கலாம் என்றது அது. ஜின் என்ற சாராயத்திலிருந்து ஏழைகளை விலக்கிப் பீர் பக்கம் திருப்புவது அரசின் எண்ணம். விளைவு, குடிசைகளின் முன்னறைகள் ஆயிரக்கணக்கில் பீர்க்கடைகளாயின. 1869இல் பழைய கட்டுப்பாடு திரும்பியது. அதற்குள் ஊருக்கு ஊர் பப் முளைத்துவிட்டது.

அந்த முன்னறைக் காலம் எப்படி இருந்திருக்கும் என்று காண விரும்புவோர் பெர்க்‌ஷைரின் ஆல்ட்வொர்த் கிராமத்துக்குப் போகலாம். அங்கே 'பெல் இன்' என்ற பப்பை ஒரே குடும்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறது. கைவைத்து நிற்க நீண்ட கவுண்ட்டர் கிடையாது. ஒரு சிறு சாளரம் வழியாகப் பீர் வரும். பசித்தால் சூடான ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியோ இறைச்சியோ வைத்துத் தருவார்கள். மரபான பீர்களைக் காக்க 1971இல் தொடங்கிய 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம், 1990இலும் மறுபடி 2019இலும் இதை நாட்டின் சிறந்த பப்பாகத் தேர்ந்தெடுத்தது. பெரிய விருந்தை எதிர்பார்த்து அங்கே போகிறவர் ஏமாறுவார். எதுவும் மாறாமல் இருப்பதைக் காணப் போகிறவர் நிறைந்து திரும்புவார்.

வீடென்றால் வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். கிராமத்துப் பப்பின் வீட்டுக்காரர்கள் உரிமம் வைத்திருக்கும் லேண்ட்லார்டு மட்டுமல்ல, தினமும் வரும் ஊர்க்காரர்களும்தான். கிரிக்கெட் அணி ஆட்டம் முடிந்து கூடுவது அங்கே. டார்ட்ஸ் எறிவதும் டோமினோ ஆடுவதும் வினாடி வினா நடத்துவதும் அங்கே. இறந்தவரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்காருவதும் அங்கேதான். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் யார் பெயரும் எழுதியிருக்காது. ஆனாலும் அது யாருடையது என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும், புதிதாக வந்தவரைத் தவிர. பத்துப் பதினைந்து பேர் இருக்கும் சிறிய அறையில் கதவு திறந்தால் எல்லாத் தலைகளும் திரும்பும். பேச்சு ஒரு கணம் நிற்கும். 1981இல் வந்த 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' என்ற திகில் படம் இதையே ஒரு காட்சியாக்கியது. யார்க்‌ஷைர் வனாந்தரத்தில் ஒரு பப்பின் கதவைத் திறக்கும் இரண்டு அமெரிக்க இளைஞர்கள்முன் அறை முழுதும் உறைந்துபோகும். அந்தக் காட்சி இன்றுவரை நகைச்சுவையாகச் சுட்டப்படுவதற்குக் காரணம், கிராமப்புறத்தில் பயணம் செய்த பலர் அதன் சின்ன வடிவத்தையாவது அனுபவித்திருப்பதுதான்.

பெரும்பாலான இடங்களில் இந்த மௌனம் பகையல்ல. வந்தவர் யார், யாருடைய உறவு என்று பார்க்கும் ஆவல் அது. ஒரு நிமிடத்தில் பேச்சு மறுபடி தொடங்கிவிடும். எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் அப்படி இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. நிறத்தைக் காரணம் காட்டிக் குடியேறிகளுக்குப் பீர் தர மறுத்த பப்கள் இங்கிலாந்தில் இருந்தன; பப் போன்ற பொது இடங்களில் அந்தப் பாகுபாட்டை 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம்தான் முதன்முதலில் தடை செய்தது. இனம், மதம், பால் போன்ற, சட்டம் காக்கும் காரணங்களை வைத்து மறுக்க முடியாது என்பதைத் தவிர, யாருக்கு ஊற்றுவது யாருக்கு மறுப்பது என்பது இன்றைக்கும் லேண்ட்லார்டின் விருப்பம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை. முரட்டு வாய் படைத்த லேண்ட்லார்டுகள் சிலர் அதையே ஊர்ப்பெருமையாக வளர்த்துக்கொண்டதுண்டு. உள்ளூர்க்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார், வெளியூர்க்காரருக்கு அது அவமதிப்பு.

மனத்தாங்கல்களில் கணிசமானவை எழுதப்படாத விதிகளால் வருகின்றன. சமூக மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ், சுற்றுலாப் பயணிகளுக்காகவே 1996இல் பப் நடைமுறைகளை விளக்கி ஒரு சிறுநூல் எழுத வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் மேசையில் உட்கார்ந்து பரிமாறுபவருக்காகக் காத்திருப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். கவனிக்கவில்லையே என்று இவர்கள் புழுங்க, குடிக்க விருப்பமில்லை போலும் என்று அவர்கள் விட்டுவிடுவார்கள். மரபான பப்பில் கவுண்ட்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, கோப்பையைத் தாமே தூக்கிவர வேண்டும். அங்கே வரிசை இருக்காது, ஆனால் முறை இருக்கும். கவுண்ட்டர் நெடுக நிற்பவர்களில் யார் முன்பு வந்தார், யார் பின்பு என்பதை ஊற்றுபவரும் நிற்பவர்களும் மனத்தில் வைத்திருப்பார்கள். கையசைப்பது, குரல் கொடுப்பது, நோட்டை நீட்டி ஆட்டுவது எல்லாம் முறைகேடு. கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். பீர் ஊற்றுபவருக்குச் சில்லறை இனாம் தருவது வழக்கமில்லை. மனம் குளிர்ந்திருந்தால், 'உங்களுக்கும் ஒன்று' என்று சொல்லி அதன் விலையையும் சேர்த்துக் கொடுக்கலாம். அந்த ஒரு வாக்கியம் வாங்கித்தரும் மரியாதையைப் பெரிய நோட்டும் வாங்கித்தராது. கூட வந்த நண்பர்கள் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். தன் முறை வரும்போது நழுவியவரை ஊர் மறக்காது.

குழப்பத்தை இன்னும் கூட்டுவது, இந்த விதிகள் எல்லாப் பப்பிலும் ஒன்றாக இல்லாதது. சாப்பாட்டுக்குப் பேர்போன பப்களில் மேசைக்கே வந்து கேட்பார்கள். பில்லில் சேவைக் கட்டணமும் இருக்கலாம். குழந்தைகளை விடும் விஷயம் ஊருக்கு ஊர் வேறு. ஈர நாய் கணப்பின்முன் நீட்டிப் படுத்திருக்க, ஐந்து வயதுக் குழந்தைக்கு முகச்சுளிப்பு கிடைக்கும் பப்களும் உண்டு. குடிக்காதவர் கூச்சப்பட வேண்டியதில்லை: மது விற்கும் உரிமம் பெற்ற இடங்கள், கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தின் சட்டம்.

இனி பீர். 'வெதுவெதுப்பாக, நுரையில்லாமல், உயிரில்லாமல்' என்பது வெளிநாட்டவர் இங்கிலீஷ் பீர்மீது வைக்கும் பழைய புகார். பீப்பாயில் வரும் மரபான ஏலுக்கு நொதித்தல் ஆலையோடு முடிவதில்லை. உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாய் பப்பின் நிலவறைக்கு வரும். அங்கே அது மெதுவாகப் பக்குவப்பட்டு, தானே வாயுவை உண்டாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாயுவை அழுத்தி ஏற்றுவதில்லை. நிலவறையின் இயல்பான குளிர்ச்சியில், ஏறத்தாழ 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், கைப்பிடியை இழுத்து மேலே கொண்டுவருவார்கள். பனிக்கட்டிக் குளிர்ச்சியில் லாகர் குடித்துப் பழகிய நாக்குக்கு அது வெதுவெதுப்பு. ஏலில் பழகிய நாக்குக்கோ அந்தச் சூட்டில்தான் மால்ட்டும் ஹாப்பும் மணக்கும். நுரை விஷயத்தில் இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. வடக்கே குழாய் நுனியில் ஒரு சல்லடை மூக்கைப் பொருத்தி, பாலேடு போல நுரை எழுப்புவார்கள். தெற்கே அது இல்லை. யார்க்‌ஷைர்க்காரர் சசெக்ஸில் ஒரு பைன்ட் வாங்கினால் ஏதோ செத்துப்போன பீர் என்று நினைப்பார். சசெக்ஸ்காரர் யார்க்‌ஷைர் போனால் நுரைக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்களே என்று முனகுவார். பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். அதில் குறைந்தது 95 சதவீதமாவது நீர்மமாக இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் மேலும் ஊற்றித் தர வேண்டும் என்பது பப் தொழிலின் வழிகாட்டு நெறி.

ஒரே பப்பில் இருவருக்கு இருவேறு பீர் வாய்ப்பதற்கான விளக்கமும் இந்த நிலவறையில்தான் இருக்கிறது. திறந்த பீப்பாய்க்குள் காற்று புகுகிறது. மூன்று நாளுக்குள் விற்றுத் தீராவிட்டால் ஏல் தட்டையாகி, பிறகு புளித்துவிடும். பரவலாகப் புழங்கும் பீப்பாயில் 72 பைன்ட் பிடிக்கும். சனிக்கிழமை இரவில் அது சில மணி நேரத்தில் காலியாகும். மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை நான்கு பேர் மட்டும் வந்தால், வார இறுதியில் வருபவருக்கு வினிகர் வாடை அடிக்கும். நல்ல லேண்ட்லார்டு வகைகளைக் குறைத்து, கூட்டத்துக்கு ஏற்றபடிதான் பீப்பாயைத் திறப்பார். எட்டுக் கைப்பிடிகள் மினுங்கும், ஆளில்லாத பப்பைவிட, இரண்டே கைப்பிடிகள் உள்ள கூட்டமான பப்பை நம்பலாம் என்பது பீர் பிரியர்களின் அனுபவ அறிவு. புளித்திருந்தால் சண்டை போட வேண்டாம், கவுண்ட்டரில் சொன்னாலே போதும். மரியாதையுள்ள பப் மறுபேச்சின்றி மாற்றித் தரும். ஆனால் வேற்றூர்க்காரர் பலருக்கு, இந்தச் சுவையே இப்படித்தானோ என்ற ஐயத்தில் கேட்க நா எழுவதில்லை.

நேரமும் ஏமாற்றும். முதல் உலகப்போரின்போது ஆயுதத் தொழிலாளர்கள் போதையில் வேலையைக் கெடுக்கிறார்கள் என்ற கவலையில் அரசு பப் நேரத்தைச் சுருக்கி, பிற்பகலில் கதவைச் சாத்த வைத்தது. போர் 1918இல் முடிந்தது. வாரநாள் பிற்பகல் அடைப்பு 1988 வரை நீடித்தது. இரவு 11 மணி என்ற பொது எல்லை தளர்ந்தது 2005 நவம்பரில், 2003ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. சட்டம் தளர்ந்தாலும் கிராமத்தின் பழக்கம் அப்படியே இருக்கிறது. மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கு முடிந்துவிடும். மாலை ஆறு மணிவரை அடுப்பு பற்றாது. திங்கட்கிழமை முழுதும் மூடியிருக்கும் பப்கள் ஏராளம். மலைப்பாதையில் காலையிலிருந்து நடந்து மூன்று மணிக்கு வந்து சேரும் குடும்பத்துக்குக் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் மட்டுமே. இரவில் மணி அடித்துக் கடைசி ஆர்டர் கேட்ட பின், கையிலிருப்பதைக் குடித்து முடிக்கச் சுமார் 20 நிமிடம் தருவார்கள். மணியின் அர்த்தம் தெரியாதவர், நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றும்போதுதான் விழித்துக்கொள்வார்.

சாப்பாட்டைப் பற்றிய கருத்துகள்தான் மிகவும் பிளவுபட்டவை. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்வரை கிராமத்துப் பப்பில் சாப்பாடு என்பது பெரும்பாலும் வினிகரில் ஊறவைத்த முட்டையும் பன்றித்தோல் வறுவலும்தான். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் அடங்கிய 'உழவர் மதிய உணவு' பல நூற்றாண்டு மரபு என்று பயணிகள் நம்பி உண்கிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழையவைதான். அந்தப் பெயரை நாடெங்கும் பரப்பியது 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்பனையைக் கூட்ட நினைத்த விளம்பரக்காரர்கள். லண்டனில் 1991இல் 'தி ஈகிள்' என்ற பப் நல்ல சமையலைக் கையில் எடுத்தபின், அந்த அலை கிராமங்களுக்கும் பரவியது. 2001இல் ஹெரிஃபோர்ட்‌ஷைரின் டிட்லி கிராமத்து 'ஸ்டாக் இன்', உணவகங்களின் உயர் மதிப்பான மிஷலின் நட்சத்திரம் பெற்ற முதல் பப் ஆனது. தொலைதூரத்திலிருந்து கார்கள் வந்தன. பல ஊர்களில் இன்னொன்றும் நடந்தது: மேசைகளில் எல்லாம் கத்தியும் முள்கரண்டியும் 'முன்பதிவு' அட்டையும் உட்கார்ந்துகொள்ள, வேலை முடித்துச் சேற்றுக் காலணியோடு வந்தவர் நிற்க இடமின்றித் திரும்பினார். பயணி மெச்சிய அதே மாற்றத்தை ஊர்க்காரர் சபித்தார்.

ஞாயிறு மதியம் வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷைர் புட்டிங், மேலே கிரேவி. நன்றாக அமைந்தால் இதற்கு இணையான இங்கிலீஷ் சாப்பாடு இல்லை. கூட்டத்தில் அவசரமாகப் பரிமாறினால் இதைவிடச் சலிப்பானதும் இல்லை. ஒரே சமையற்காரரை நம்பி நடக்கும் கிராமத்துச் சமையலறையில், அவர் வேலையை விட்டுப் போன வாரமே சுவை தலைகீழாகும். சைவர்களுக்கு இப்போது ஏறக்குறைய எல்லாப் பப்பிலும் ஏதாவது கிடைக்கிறது. ஆயினும் கிரேவி எதில் செய்தது, சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேட்டுவிடுவது நல்லது. மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதைத் தரமாகக் கருதும் இடங்கள், குறிப்பாக வடக்கே, இன்னும் உண்டு.

விலை அதிகம், பீரில் தேர்வு குறைவு, போன முறை பார்த்த லேண்ட்லார்டு இந்த முறை இல்லை என்ற குறைகளுக்கெல்லாம் பின்னால் ஒரு சொத்துக் கணக்கு இருக்கிறது. வாசலில் 'ஃப்ரீ ஹவுஸ்' என்று கண்டால் எதுவும் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. யாரிடம் வேண்டுமானாலும் பீர் வாங்கும் சுதந்திரம் உள்ள பப் என்றுதான் பொருள். மற்றவை 'டைடு ஹவுஸ்'. கட்டடம் பீர் ஆலைக்கோ பப் கம்பெனிக்கோ சொந்தம். நடத்துபவர் வாடகையும் தர வேண்டும், வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு அவர்களிடமே பீரும் வாங்க வேண்டும். பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்த 1989இல் அரசு ஆணைகள் பிறப்பித்தது. ஆலைகள் ஆயிரக்கணக்கில் பப்களை விற்றன. அவற்றை வாங்கியவையோ பீரே காய்ச்சாத பெரும் பப் கம்பெனிகள். மருந்தே நோயானது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் கசப்போடு சொல்வார்கள். பெரிய கம்பெனிகளின் குத்தகைக்காரர்கள் சந்தை வாடகை மட்டும் கட்டிவிட்டுப் அவர்களிடமே பீர் வாங்கும் கட்டாயத்திலிருந்து விடுபடக் கோரலாம் என்ற வழி 2016இல்தான் திறந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் ஓரிரு ஆண்டில் கைமாறும் பப்பைப் பற்றிய பழைய பாராட்டும் பழைய வசையும் பயணிக்கு ஒருசேரப் பயனற்றவை.

ஆட்களும் குறைந்தார்கள். 1967இல் குடித்து வண்டி ஓட்டுவோரை ஊதச் சொல்லிச் சோதிக்கும் முறை வந்தபோது, பேருந்து இல்லாத கிராமங்களின் பப்கள் முதல் அடி வாங்கின. 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைக்கத் தடை. காற்று சுத்தமானதில் பயணிகளுக்கு மகிழ்ச்சி, பழைய முகங்கள் சில வீட்டோடு தங்கின. சூப்பர் மார்க்கெட் பீர் மலிவு. அழகான கிராமங்களில் வீடுகள் நகரத்தார் வார இறுதியில் வந்துபோகும் இரண்டாம் வீடுகளாக மாறின. பிரிட்டன் முழுதும் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 பப்கள் இருந்தன. இப்போது 45,000 அளவுக்கு வந்துவிட்டன. ஊர்க்காரர் குறையக் குறைய, பப் பிழைப்பது வழிப்போக்கர் காசில். அந்த வழிப்போக்கர் தேடி வருவதோ ஊர்க்காரர் நிறைந்த பப்பை.

சில ஊர்கள் பப்பைத் தாமே வாங்கிவிட்டன. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் 'ஓல்டு கிரவுன்' பப்பை 2003இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். நாட்டில் கூட்டுறவாக வாங்கப்பட்ட முதல் பப் என்று அது சொல்லப்படுகிறது. வடக்கு யார்க்‌ஷைரின் ஹட்ஸ்வெல் கிராமத்தில் 2008இல் மூடிய 'ஜார்ஜ் அண்டு டிராகன்' பப்பை ஊரார் பங்கு போட்டு வாங்கி 2010இல் திறந்தார்கள். அதோடு ஒரு சிறு கடை, ஒரு நூலகம், காய்கறி பயிரிடும் பாத்திகள். கேம்ராவின் 2016ஆம் ஆண்டுக்கான சிறந்த பப் விருது அதற்குத்தான் போனது. இத்தகைய பப்களில் கவுண்ட்டருக்கு முன்னால் நிற்பவரே பங்குதாரராகவும் இருப்பார். வெளியூர்க்காரர் உள்ளே வந்தால் வியாபாரம் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அங்கே தலைகள் திரும்பினாலும் சிரிப்போடு திரும்புகின்றன.

கிராமமே இல்லாத இடத்திலும் ஒரு பப் இருக்கிறது. வடக்கு யார்க்‌ஷைர் மேட்டில் 528 மீட்டர் உயரத்தில் தனியே நிற்கும் 'டான் ஹில் இன்', பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் உள்ள பப். 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு, 'ஓயேசிஸ்' இசைக்குழுவின் பாடல்களைப் பாடும் ஒரு குழுவைக் கேட்க வந்தவர்கள் ஆர்வென் புயலின் பனியில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பாடகர்களையும் சேர்த்து அறுபது பேர் அளவில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். படுக்கைகள் போதாமல் தரையில் மெத்தை விரித்தார்கள். வினாடி வினா நடந்தது, படம் போட்டார்கள், பாடினார்கள். மூன்று இரவுகள். திங்கட்கிழமை பனியை வாரி வழி உண்டாக்கிய பிறகே கார்கள் இறங்கின. கோடையில் அதே பப்பின் வாசலில் பென்னைன் நெடுவழி நடப்பவர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் வந்து குவிவார்கள். கவுண்ட்டரில் ஊற்றுபவர், அடுத்தது யார் என்று கேட்டபடி இருப்பார்.